சர்வதேச வணிகப் பட்டம்: எந்தப் பல்கலைக்கழகத்தில் சேருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் இரண்டு மூன்று சேர்க்கைக் கடிதங்களை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரள்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கும் பயன்படும். கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தவை. பதில்களில் பாதி தகவல், மீதி என் கருத்து. கருத்தோடு நீங்கள் சண்டை போடலாம்.

சர்வதேச வணிகம் தனிப் படிப்பா, இல்லை வணிக நிர்வாகத்துக்கே வைத்த இன்னொரு பெயரா?

இரண்டுமாகவும் இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

தனித் துறையாக இதற்கு நல்ல வரலாறு உண்டு. ஒரு நிறுவனம் ஏற்றுமதி செய்வதோடு நின்றுவிடாமல் இன்னொரு நாட்டில் போய் ஏன் தொழிற்சாலை கட்டுகிறது என்பதை விளக்க, பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் டன்னிங் 1970களில் ஒரு கோட்பாடு தந்தார். நிறுவனங்கள் முதலில் தங்களுக்குப் பழக்கமான அண்டை நாடுகளில் கால்வைத்து, அங்கே அடிபட்டுக் கற்றபிறகே தொலைவான சந்தைகளுக்கு நகர்கின்றன என்று சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த யோஹான்சனும் வால்னேயும் 1977-இல் எழுதினார்கள். ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்துப் பண்பாட்டு வேறுபாடுகளை எண்ணாக்கிப் பார்த்தவர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். அது சரியான அளவுகோலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நடைமுறைப் பக்கமும் உண்டு: அந்நியச் செலாவணி, சுங்கம், வாங்குபவர் சார்பில் பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதமான எல்.சி., சரக்கு எந்த இடம்வரை யார் பொறுப்பு என்று தீர்மானிக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகள். 2020 பதிப்பில் அவை மொத்தம் 11.

இவற்றையெல்லாம் சொல்லித்தரும் படிப்புக்கும் சர்வதேச வணிகம் என்றுதான் பெயர். வழக்கமான வணிகப் பாடங்களுக்கு நடுவே 'சர்வதேசச் சந்தைப்படுத்தல்' என்று ஒரே ஒரு தாளைச் செருகிவிட்டுப் பெயர்ப்பலகையை மாற்றிய படிப்புக்கும் அதே பெயர்தான். சான்றிதழைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்த்துச் சொல்வது?

பாடத்திட்ட அட்டவணையை. பிரோஷரை மூடி வையுங்கள். எல்லா பிரோஷரிலும் அதே உலக வரைபடம், புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் அதே நாலு பேர். படிப்பின் இணையப் பக்கத்தில் 'ஒவ்வொரு செமஸ்டரிலும் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட்' என்று ஓர் அட்டவணை இருக்கும். இல்லாவிட்டால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

அட்டவணை கைக்கு வந்ததும் பாடங்களை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, எந்த வணிகப் படிப்பிலும் இருக்கக்கூடியவை: கணக்கியல், புள்ளியியல், பொருளியல், நிறுவன நடத்தை. இரண்டாவது, எல்லை தாண்டினால் மட்டுமே பொருள்படுபவை: சர்வதேச நிதி, வர்த்தகக் கொள்கை, சர்வதேச வணிகச் சட்டம், உலகளாவிய விநியோகச் சங்கிலி, பல பண்பாட்டு மேலாண்மை. மூன்றாவது, வகுப்பறைக்கு வெளியே நடப்பவை: வெளிநாட்டு செமஸ்டர், இன்டர்ன்ஷிப், அந்நிய மொழி.

முதல் வகை பாதிக்குமேல் இருப்பதில் தவறில்லை, அடித்தளம் இல்லாமல் மாடி நிற்காது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து கால்பங்குகூட இல்லையென்றால், நீங்கள் சேரப்போவது நல்ல வணிக நிர்வாகப் படிப்பாக இருக்கலாம். சர்வதேச வணிகம் என்று நம்பிக் கூடுதலாகச் செலவு செய்யாதீர்கள்.

இன்னொன்று: இரண்டாம் வகைப் பாடங்களில் எவை கட்டாயம், எவை விருப்பம் என்று பாருங்கள். விருப்பப் பாடம் என்று பட்டியலில் இருப்பது எல்லா ஆண்டும் நடத்தப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பத்துப் பேர் சேராவிட்டால் ரத்து செய்துவிடுவார்கள்.

தரவரிசையில் முன்னால் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

எந்தத் தரவரிசை? அது எதை அளக்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை குழப்பம்.

ஷாங்காய் பட்டியல் 2003-இல் தொடங்கியது. அதில் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசு, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கு மட்டும் 30 விழுக்காடு மதிப்பெண். நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20. இயற்பியல் துறையில் நோபல் வாங்கிய பேராசிரியர் இருப்பது பெருமைதான், ஆனால் உங்கள் சர்வதேச நிதி வகுப்பை அவர் எடுக்கப்போவதில்லை. கியூ.எஸ். பட்டியலில் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கும் வேலை தருபவர்களிடையே உள்ள நற்பெயருக்கும் சேர்த்துக் கணிசமான எடை. நற்பெயர் என்பது மெதுவாக மாறுவது. இருபது ஆண்டு முன்பு நன்றாக இருந்த துறைக்கு இன்றும் மதிப்பெண் விழுந்துகொண்டிருக்கும். ஃபைனான்ஷியல் டைம்ஸ் வெளியிடும் மேலாண்மை முதுகலைப் பட்டியல் படித்து முடித்து மூன்று ஆண்டுக்குப் பிந்தைய சம்பளத்துக்கு அதிக எடை தருகிறது. அது வேலைக்கு நெருக்கமானது, ஆனால் இளங்கலைக்குப் பொருந்தாது.

நான் சொல்வது இதுதான்: தரவரிசையை வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், தராசாக வேண்டாம். 80-ஆம் இடத்துக்கும் 110-ஆம் இடத்துக்கும் நடுவே உங்கள் வாழ்க்கையை மாற்றும் எதுவும் இல்லை. 80-க்கும் பட்டியலிலேயே இல்லாததற்கும் நடுவே இருக்கலாம், அப்போது கூடுதலாக விசாரியுங்கள்.

மூன்று அங்கீகாரம், 'டிரிபிள் கிரௌன்' என்கிறார்களே?

வணிகப் பள்ளிகளுக்கான மூன்று தனி அங்கீகாரங்களையும் சேர்த்துச் சொல்வது அது. அமெரிக்காவில் 1916-இல் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பிய அமைப்பான இ.எஃப்.எம்.டி. 1997-இல் கொண்டுவந்த ஈக்விஸ், பிரிட்டனில் 1967-இல் தோன்றிய அம்பா. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், அம்பா பார்ப்பது எம்.பி.ஏ. போன்ற முதுநிலைப் படிப்புகளை. நீங்கள் இளங்கலையில் சேரப்போகிறீர்கள் என்றால் மூன்றாவது மகுடம் உங்கள் வகுப்பறையை எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

ஏ.ஏ.சி.எஸ்.பி.யோ ஈக்விஸோ ஒன்று இருந்தாலே நல்ல அறிகுறி. ஆசிரியர்களின் தகுதி, பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும் முறை எல்லாவற்றையும் வெளியாட்கள் வந்து சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். இல்லாவிட்டால் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். விண்ணப்பிக்கவும் தக்கவைக்கவும் காலமும் பணமும் பிடிக்கும், சில நல்ல சிறிய பள்ளிகள் அந்த வழியில் போவதில்லை.

இதைவிட அவசியமானது வேறு. பல்கலைக்கழகத்தை அந்த நாட்டு அரசு அங்கீகரித்திருக்கிறதா, உங்கள் நாட்டிலும் அந்தப் பட்டம் செல்லுமா என்பது. 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருந்தால் யார் கொடுத்தது என்று தேடுங்கள். பணம் கட்டினால் சான்றிதழ் தரும் போலி அங்கீகார அமைப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் பெயர்களும் கேட்க கம்பீரமாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டு செமஸ்டர் இரண்டு இடத்திலும் இருக்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?

நிறைய. நான் இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

முதலில், கட்டாயமா விருப்பமா? கட்டாயம் என்றால் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவருக்கும் இடம் தேடித்தர வேண்டும். அதற்கென்று ஆள் வைத்திருப்பார்கள், ஒப்பந்தங்கள் உயிரோடு இருக்கும். விருப்பம் என்றால் போட்டி. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிக இளங்கலையில் வெளிநாட்டு செமஸ்டர் படிப்பின் ஒரு பகுதி. ஜெர்மனியின் ராய்ட்லிங்கனில் உள்ள வணிகப் பள்ளி இன்னும் ஒருபடி மேலே போய், நான்கு ஆண்டில் பாதியை அங்கேயும் பாதியை வேறொரு நாட்டுக் கூட்டாளிப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவைத்து இரண்டு பட்டங்கள் தரும் படிப்பை நடத்துகிறது. இ.எஸ்.சி.பி. என்ற ஐரோப்பிய வணிகப் பள்ளியின் மேலாண்மை இளங்கலையில் ஆண்டுக்கு ஒரு நாடாக மூன்று ஆண்டில் மூன்று நாடுகளில் படிக்கலாம்.

அடுத்து, 'எங்களுக்கு 200 கூட்டாளிப் பல்கலைக்கழகங்கள்' என்ற வாசகம். அது பொறியியல், மருத்துவம், இசை எல்லாம் சேர்ந்த முழுப் பல்கலைக்கழகத்தின் கணக்காக இருக்கும். உங்கள் துறை மாணவர் போகக்கூடிய இடங்கள் அதில் எத்தனை, ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்தப் பெரிய எண்ணை நம்பிச் சேர்ந்தாள். விண்ணப்பிக்கும் நேரத்தில் பட்டியலைத் திறந்தால், அவளுடைய துறைக்கு ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் இடங்கள் பத்தைத் தொடவில்லை. அவற்றிலும் பெரும்பாலும் இரண்டிரண்டு இருக்கைகள். வகுப்பில் நூற்றுக்குமேல் மாணவர்கள். அவள் போகவில்லை.

மூன்றாவது, கிரெடிட். வெளியே படித்த பாடங்கள் இங்கே முழுமையாகக் கணக்கில் வருமா, அதைப் புறப்படும் முன்பே எழுத்தில் உறுதி செய்கிறார்களா? ஐரோப்பாவுக்குள் இது ஓரளவு சீர்பட்டுவிட்டது. ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 இ.சி.டி.எஸ். கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு என்று பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் இந்தப் பாதையைப் போட்டது. மற்ற இடங்களில் துறைத்தலைவரின் மனநிலையைப் பொறுத்தது என்றே சொல்லலாம்.

நான்காவது, கட்டணம். உண்மையான பரிமாற்றம் என்றால் கல்விக் கட்டணத்தை உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கட்டுவீர்கள், போன இடத்தில் கிடையாது. 'வெளிநாட்டில் படிக்கும் வாய்ப்பு' என்று பொதுவாகப் போட்டிருந்தால் அங்கே தனியாகக் கட்டவேண்டிய ஏற்பாடாகவும் இருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. இரட்டைப் பட்டத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களும் தனித்தனியாகச் சான்றிதழ் தரும். கூட்டுப் பட்டத்தில் இரண்டும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே சான்றிதழ். வேலைக்கு எடுப்பவர்கள் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ பட்டத்தைச் சமப்படுத்த வேண்டிவரும்போது இரட்டைப் பட்டம் தலைவலி குறைவு.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமா, பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமா?

நெதர்லாந்து, ஜெர்மனி, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் விண்ணப்பிக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுப் பிறகு வருந்துகிறார்கள். ஆங்கிலப் பெயரில் இரண்டும் பல்கலைக்கழகம்தான், உள்ளே தனித்தனி உலகம். நெதர்லாந்தில் ஆராய்ச்சிப் பல்கலைக்கழக இளங்கலை 3 ஆண்டு, 180 கிரெடிட். பயன்பாட்டு வகையில் பொதுவாக 4 ஆண்டு, 240 கிரெடிட், இன்டர்ன்ஷிப் உள்ளடங்கியது.

நான்காண்டு என்பதால் அது உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்றாண்டு என்பதால் தாழ்ந்ததும் இல்லை. கோட்பாடும் புள்ளியியலும் பிடிக்கும், முதுகலைக்குப் போவது உறுதி என்றால் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். 21 வயதில் வேலைக்குப் போகவேண்டும், நிறுவனத்துக்குள் போய் கைவைத்துக் கற்கவேண்டும் என்றால் பயன்பாட்டு வகை. பயன்பாட்டு வகையில் படித்துவிட்டு அதே நாட்டின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர, பெரும்பாலும் இடையில் ஒரு தயாரிப்புப் படிப்பு முடிக்கச் சொல்வார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கணக்கு எனக்கு வராது. சமாளிக்கலாமா?

புள்ளியியலும் நிதியும் எல்லா இடத்திலும் உண்டு. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டிலேயே ஆளைக் கழிப்பது இந்தத் தாள்கள்தான். முதலாண்டுத் தேர்வில் குறிப்பிட்ட கிரெடிட் எடுக்காவிட்டால் படிப்பைவிட்டே வெளியேற்றும் விதி சில நாடுகளில் உண்டு. சேரும்முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். உள்ளூர் மொழி கற்க வேண்டுமா?

படிக்க வேண்டியதில்லை. வேலை பார்க்க வேண்டும்.

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வகுப்பு, நண்பர்கள், விடுதி எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். மூன்று ஆண்டும் மொழிப் பிரச்சினை தெரியாது. இன்டர்ன்ஷிப் தேடும்போது வரும் முதல் கேள்வி, உள்ளூர் மொழி எந்த நிலை என்பது. ஐரோப்பிய அளவுகோலில் ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு நிலைகள். அலுவலக வேலைக்குப் பொதுவாக பி2-வாவது எதிர்பார்ப்பார்கள். அதை எட்ட விட்டுவிட்டுப் படித்தால் முடியாது, முதல் நாளிலிருந்தே தொடர்ந்து படிக்க வேண்டும்.

ஆகவே மொழி வகுப்பு கிரெடிட்டுடன் அட்டவணைக்குள் இருக்கிறதா, மாலையில் தனியாகப் போகவேண்டிய கூடுதல் வேலையாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூடுதல் வேலையாக இருப்பதை இரண்டாம் மாதமே விட்டுவிடுவோம். மனித இயல்பு அது. இரண்டு பல்கலைக்கழகங்களும் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால், மொழியைக் கட்டாயமாக்கிய இடத்தையே நான் சொல்வேன்.

படித்து முடித்ததும் அங்கேயே வேலை பார்க்க முடியுமா?

பல்கலைக்கழகத்தைவிட நாட்டைப் பொறுத்தது இது. சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012-இல் மூடியது. 2021-இல் வேறு பெயரில் மறுபடி திறந்தது. நடுவில் சேர்ந்தவர்கள் திட்டமெல்லாம் தலைகீழாகிவிட்டது. ஜெர்மனி பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம்வரை தருகிறது, நெதர்லாந்து ஓர் ஆண்டு.

அமெரிக்காவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓ.பி.டி. என்ற அனுமதியில் பட்டத்துக்குப் பின் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் கூடுதலாக 24 மாதம். சர்வதேச வணிகம் என்ற வகைப்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மேலாண்மை அறிவியல், வணிகப் பகுப்பாய்வு போன்ற வகைப்பாட்டில் பதிவான படிப்புகள் உண்டு. ஆகவே ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு படிப்புகளில் ஒன்றில் ஓர் ஆண்டும் மற்றதில் மூன்று ஆண்டும் கிடைக்கலாம். படிப்பு எந்த வகைப்பாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டும் சி.ஐ.பி. குறியீடு என்ன என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும். ஒரு வரி மின்னஞ்சல், இரண்டு ஆண்டு வித்தியாசம்.

'95 விழுக்காடு மாணவர்களுக்கு வேலை' என்கிறார்கள். நம்பலாமா?

எண் பொய்யாக இருக்காது. எதன் 95 விழுக்காடு என்பதுதான் கேள்வி. கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னவர்களிலா, எல்லாப் பட்டதாரிகளிலுமா? வேலை கிடைக்காதவர் பதில் போட மாட்டார். மேற்படிப்புக்குப் போனவர்களையும் 'வேலை அல்லது படிப்பு' என்று சேர்த்துக்கொண்டார்களா? பட்டதாரிக்கான வேலையா, எந்த வேலையுமா? முடித்து எத்தனை மாதத்தில்?

சம்பளத்தில் சராசரியைக் காட்டினால் இடைநிலையை, அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். முதலீட்டு வங்கியில் நுழைந்த இரண்டு பேர் முழு வகுப்பின் சராசரியையும் தூக்கிவிடுவார்கள். பன்னாட்டு மாணவர்களின் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். உள்ளூர் மாணவருக்கு விசா தேவையில்லை, மொழி தெரியும். அவர்களுடைய 95 உங்களுக்குப் பொருந்தாது. தனிக் கணக்கு வைத்திருக்கும் பல்கலைக்கழகம் உங்களைப் பற்றி யோசித்திருக்கிறது என்றாவது தெரியும்.

சர்வதேச வணிகம் ரொம்பப் பொதுவான படிப்பு, வேலை கிடைக்காது என்கிறார்களே?

அதில் பாதி உண்மை. 'சர்வதேச வணிக அதிகாரி' என்று எந்த நிறுவனமும் விளம்பரம் போடுவதில்லை. வாங்குதல், நிதி, சரக்குப் போக்குவரத்து, விற்பனை என்று துறை சொல்லித்தான் ஆள் எடுக்கிறார்கள். ஆகவே இந்தப் பட்டத்தோடு ஏதாவது ஒரு துறையில் பிடி வேண்டும். இதை உணர்ந்த பல்கலைக்கழகங்கள் அதைப் படிப்புக்குள்ளேயே கட்டிவைத்திருக்கின்றன. இந்தத் துறையில் நெடுநாள் பெயர்பெற்ற அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகம் எடுப்பவர் கூடவே இன்னொரு வணிகத் துறையையும் முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும்.

நீங்கள் ஒப்பிடும் இரண்டு இடங்களில் எதில் அப்படி ஒரு துறையில் ஆழமாக இறங்க வழி இருக்கிறது? நான்கைந்து தாள்களாவது ஒரே திசையில் எடுக்க முடிகிற இடம் நல்லது. எல்லாவற்றிலும் ஒவ்வொரு வாய் ருசி பார்க்கவைக்கும் படிப்பு, பசியோடுதான் எழுப்பி அனுப்பும்.

கிளை வளாகத்தில் படித்தால் மதிப்பு குறையுமா?

சான்றிதழ் பெரும்பாலும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் 1998-இலும் பிரிட்டனின் நாட்டிங்காம் 2000-இலும் மலேசியாவில் வளாகம் திறந்தன. நாட்டிங்காம் 2004-இல் சீனாவின் நிங்போவிலும். இவை ஊன்றி நிற்கும் வளாகங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அங்கே நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், தாய் வளாகத்துக்கு ஒரு செமஸ்டர் போய்வர முடியுமா என்பதை. இன்னொன்று: படித்து முடித்தபின் வேலை விசா வளாகம் இருக்கும் நாட்டின் சட்டப்படிதான், பெயர் எந்த நாட்டுடையது என்பது அங்கே உதவாது.

கட்டணமே இல்லாத நாடுகள் உண்டா?

முன்பைவிடக் குறைவு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு சுவீடன் 2011-இலும், ஃபின்லாந்து 2017-இலும், நார்வே 2023-இலும் கட்டணம் கொண்டுவந்துவிட்டன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை, சில மாநிலங்களிலும் சில பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பழைய பட்டியல்களை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

உதவித்தொகை என்றால் எத்தனை ஆண்டுக்கு என்பதை முதலில் பாருங்கள். முதலாண்டுக்கு மட்டும் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் இடத்தைவிட, மூன்று ஆண்டும் கால்பங்கு குறைக்கும் இடம் மொத்தத்தில் மலிவு. கூட்டிப் பார்த்தால் தெரியும், ஆனால் கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது 'பாதி' என்ற சொல். இரண்டாம் ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் எடுக்கவேண்டும் என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

ஏஜென்ட் ஒரு பல்கலைக்கழகத்தையே அழுத்திச் சொல்கிறார். கேட்கலாமா?

ஆளைச் சேர்த்துவிட்டால் பல கல்வி முகவர்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தரும். அதில் ரகசியம் எதுவும் இல்லை. விசா காகிதங்களுக்கு அவர்கள் உதவலாம். எந்த இடம் என்பதை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். "நான் சொல்லும் இந்தப் பல்கலைக்கழகம் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் ஏன் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

படிக்கும் மாணவர்களிடம் என்ன கேட்பது?

'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். கடந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், குழுவேலையில் யார் யார், ஆசிரியரிடம் தனியாகப் பேச முடிந்ததா என்பதெல்லாம் தானாக வரும். வெளிநாட்டு செமஸ்டர் முதல் விருப்பம் கிடைத்ததா என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப்பைத் தாமாகத் தேடினார்களா, பல்கலைக்கழகம் உதவியதா என்றும். பல்கலைக்கழகமே அறிமுகப்படுத்தும் 'மாணவர் தூதர்' நல்லவர்தான், ஆனால் அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடைக்கலாம். நீங்களாகத் தேடிப் பிடித்த ஒருவரிடமும் பேசுங்கள்.

பெரிய நகரமா, சின்ன ஊரா?

பெரிய நகரத்தில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை, நிறுவனத் தொடர்பு. சின்ன ஊரில் செலவு குறைவு, ஆசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றால் ஊரின் அளவு பெரிதாகப் பாதிக்காது, அந்த மாதங்களில் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போவீர்கள்.

இளங்கலையில் இதை எடுக்காமல் பிறகு முதுகலையில் எடுத்தால் என்ன?

தாராளமாக. பொருளியலோ மொழியோ படித்துவிட்டு வருகிறவர்கள் இந்தத் துறையில் நன்றாகவே மிளிர்கிறார்கள். செம்ஸ் என்ற கூட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் ஹெச்.இ.சி., மிலனின் போக்கோனி, பார்சிலோனாவின் எசாதே, கொலோன் பல்கலைக்கழகம் நான்கும் சேர்ந்து 1988-இல் தொடங்கிய கூட்டமைப்பு அது. இப்போது பல கண்டங்களில் உறுப்புப் பள்ளிகள் உண்டு. சர்வதேச மேலாண்மை முதுகலைப் படிப்பில் ஒரு பருவம் சொந்தப் பள்ளியிலும் ஒரு பருவம் வேறு நாட்டு உறுப்புப் பள்ளியிலும். அதில் சேர, ஏதாவது ஓர் உறுப்புப் பள்ளியில் மாணவராக இருக்க வேண்டும். முதுகலையில் அங்கே போகும் எண்ணம் இருந்தால், இளங்கலைக்கு இப்போதே கொட்டிச் செலவழிக்காமல் நல்ல மதிப்பெண்ணும் இரண்டாவது மொழியும் தரும் இடத்தில் படித்துவிட்டுக் காசைச் சேர்த்துவையுங்கள்.

எம்.பி.ஏ. வேறு கதை. பெயர்பெற்ற பள்ளிகள் சில ஆண்டு வேலை அனுபவம் எதிர்பார்க்கும். இளங்கலை முடித்த கையோடு ஓடவேண்டிய இடம் அது இல்லை.

பிடித்த இடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மற்ற இடத்தில் டெபாசிட் கட்ட நாள் நெருங்குகிறது. என்ன செய்வது?

இரண்டு மின்னஞ்சல்கள். பதில் தராத இடத்துக்கு, 'எனக்கு வேறு இடத்தில் இன்ன தேதிக்குள் முடிவு சொல்லவேண்டும், உங்கள் முடிவு எப்போது தெரியும்?' என்று. டெபாசிட் கேட்கும் இடத்துக்கு, 'இரண்டு வாரம் அவகாசம் தர முடியுமா?' என்று. பலர் தருவார்கள், கேட்காததால்தான் கிடைப்பதில்லை. இரண்டும் பலிக்காவிட்டால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் விதியைப் படியுங்கள். விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருகிறவர்கள் உண்டு, மனம் மாறினால் தருகிறவர்கள் அரிது. இழக்க முடிகிற தொகை என்றால் கட்டிவிட்டுக் காத்திருங்கள்.

சேர்ந்தபிறகு பிடிக்கவில்லை என்றால் மாற முடியுமா?

முதலாண்டு முடிவில் மாறுவது எளிது. இரண்டாம் ஆண்டுக்குப்பின் கிரெடிட் இழப்பு கூடும், ஏனென்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தர, குறிப்பிட்ட அளவு கிரெடிட் தங்களிடமே எடுத்திருக்க வேண்டும் என்கின்றன. மாற நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் ஒரு வேலை செய்துவையுங்கள்: ஒவ்வொரு செமஸ்டரும் முடிந்தவுடன் அந்தந்தப் பாடத்தின் விரிவான பாடக்குறிப்பை, என்ன புத்தகம், எத்தனை மணிநேரம், எப்படித் தேர்வு என்பது உட்பட, தரவிறக்கிச் சேமியுங்கள். புதிய இடத்தில் கேட்பது மதிப்பெண் பட்டியலை மட்டுமில்லை, இதையும்தான். இரண்டு ஆண்டு கழித்துப் பழைய பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடினால் அந்தப் பக்கம் இருக்காது.